வள்ளி குகைக்கு வெள்ளகோவிலிலிருந்து எப்படிப் போவது?

திருச்செந்தூர் போய் வந்தவர்களிடம் வள்ளி குகை பார்த்தீர்களா என்று கேட்டால், "அதுக்கு நேரமில்லீங்க" என்ற பதில்தான் நம் பக்கத்தில் அடிக்கடி கிடைக்கும். கடலில் முழுக்கு, நாழிக்கிணற்றுத் தண்ணீர், சாமி தரிசனம், சாப்பாடு, வண்டி. கோயிலுக்கு வடக்கே கடலை ஒட்டிச் சற்று தூரம் நடந்தால் வரும் குகை இந்த வரிசையில் கடைசியில் நின்று கழன்றுவிடுகிறது. மற்ற ஊர்க்காரர் விட்டாலும் விடலாம். நாம் விடுவதுதான் பொறுக்கவில்லை. வள்ளி கும்மியை வளர்த்த மண் நம்முடையது. அந்தக் கலைக்காகத்தான் மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டி பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ராத்திரியெல்லாம் வள்ளி கதையைப் பாடி ஆடிவிட்டு, தகப்பன் நம்பிராஜனுக்குப் பயந்து அவள் ஒளிந்ததாகச் சொல்லும் இடத்தை எட்டிப் பார்க்காமல் திரும்புவதா?

விட்டுப்போவதற்குக் காரணம் மனசில்லாமை அல்ல, போய்ச் சேரும் நேரம். ஆகவே காரா, ரயிலா, பஸ்ஸா என்று யோசிக்கும்போது கட்டணத்தைப் பிறகு பார்க்கலாம். குகை வாசலில் எத்தனை மணிக்கு நிற்போம் என்பதை முதலில் கேளுங்கள். என் கணக்கில் அது காலை எட்டு மணிக்குள் இருக்க வேண்டும். செருப்பில்லாமல் நடக்கும் இடம். வெயில் ஏறினால் மணலும் பாறையும் காலைப் பொசுக்கும். குகை வாசலும் குறுகல். குனிந்து, ஒடுங்கித்தான் உள்ளே போக வேண்டும். ஒரு சமயத்தில் சிலர்தான் நுழைய முடியும் என்பதால், நூறு பேர் சேர்ந்தாலே வரிசை நகராது. பத்து மணிக்கு மேல் அந்த வரிசையில் கைக்குழந்தையோடு நிற்பது பெரும்பாடு.

போர்ச்சுகலில் பெனாகில் என்றொரு பேர்போன கடற்குகை இருக்கிறது. அதற்குப் படகிலோ கயாக்கிலோதான் போக முடியும். 2024 முதல் நீந்திப்போவதற்கும் உள்ளே கரையிறங்குவதற்கும் தடை. மும்பை எலிபெண்டாவுக்கும் படகு ஏறித்தான் ஆக வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. நம்முடையது கால்நடையாகவே போகக்கூடிய குகை. சிரமமெல்லாம் அதற்கு முன்னால் இருக்கும் ஏறக்குறைய 350 கிலோமீட்டரில்தான்.

சொந்தக் கார் இருந்தால் தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, அங்கிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி. பெரும்பகுதி நான்குவழிச் சாலை. தூத்துக்குடி தாண்டி முக்காணி, ஆத்தூர் பக்கம் தாமிரபரணி பாய்ச்சலில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் பச்சையாக விரியும். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. கிணற்றுத் தண்ணீரை அளந்து பாய்ச்சும் நம்மவர்களுக்கு அந்த இடத்தில் கொஞ்சம் வயிறெரியும். நடுவில் நிறுத்தி நிறுத்திப் போனால் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பி விடியற்காலை சேருவது நம் ஊரில் பழகிப்போன வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. பகலெல்லாம் தறியையோ தோட்டத்தையோ பார்த்தவர் ராத்திரி ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம். மதியம் சாப்பிட்டுக் கிளம்பி, இரவு திருச்செந்தூரிலேயே அறையெடுத்துத் தூங்கி, ஐந்து மணிக்கு நடை திறக்கும்போது கடலுக்குப் போய்விடலாம். அப்புச்சி, அம்மிச்சியைக் கூட்டிப்போகிற குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இரண்டு மூன்று பேர், நடக்கத் தெம்புள்ளவர்கள் என்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன். வெள்ளகோவிலில் தண்டவாளம் இல்லாவிட்டாலும், கோவை – திருச்சி சாலையில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. கரூர் கூப்பிடு தூரம். கோவையிலிருந்து ஈரோடு, கரூர், மதுரை வழியாக நாகர்கோவில் போகும் இரவு ரயிலை அங்கே பிடித்துப் படுத்துவிட்டால், விடிவதற்கு முன்பே திருநெல்வேலி. அங்கிருந்து திருச்செந்தூருக்கு ரயில் பாதையில் 61 கிலோமீட்டர். ரயில் நேரம் ஒத்துவராவிட்டால் பஸ் இருக்கிறது. முன்பதிவு செய்யாமல் இந்த வழியை நினைக்கவே வேண்டாம்.

உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம் வழியாகப் பாலக்காடு – திருச்செந்தூர் ரயில் ஒன்றும் நேராகப் போகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பகல் வண்டி. மதியம் கழிந்துதான் போய்ச்சேரும். குகைக்கு மறுநாள்தான் என்று தங்கத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும்.

பஸ் பயணத்தில் உடம்பை வாங்குவது தூரமல்ல, மதுரை. நம் பக்கத்து பஸ்கள் ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும். தெற்கே போகும் பஸ்கள் மாட்டுத்தாவணியில் நிற்கும். நடுராத்திரியில் மூட்டையும் பிள்ளைகளுமாக நகரத்தின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போக வேண்டும். கோவையிலிருந்து தாராபுரம் வழியாக நேராகத் திருச்செந்தூருக்கே போகும் பஸ் இருக்கிறது. தாராபுரத்தில் காத்திருந்து அதில் இடம் பிடித்தால் பஸ்தான் செலவு குறைந்த வழி. கிடைக்காவிட்டால் ஆரப்பாளையத்தில் இறங்கியதும் டவுன் பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடியுங்கள்.

சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து வேன் பேசிப் போவது தனிச் சந்தோஷம். பாட்டும் கட்டுச்சோறுமாகப் போகும் அந்தக் கூட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். சிக்கலெல்லாம் திருப்பரங்குன்றத்தையும் கன்னியாகுமரியையும் அதே பயணத்தில் திணிப்பதில்தான். அப்படிப்பட்ட வேன் உச்சிவெயிலில் திருச்செந்தூரில் இறக்கிவிட்டு, மூன்று மணிக்கு ஆரன் அடிக்கும். குகை பார்க்க வேண்டுமென்றால் முன்பணம் கொடுக்கும்போதே டிரைவரிடம் பேசி, திருச்செந்தூரை ராத்தங்கல் ஊராக மாற்றிக்கொள்ள வேண்டும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். சஷ்டி, கிருத்திகை, வைகாசி விசாகம், ஆவணி, மாசித் திருவிழா நாட்களில் சாமியைப் பார்ப்பதே பெரிது. பௌர்ணமி அன்றும் மறுநாள் காலையும் கூட்டம் நெரியும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் உள்வாங்கி, பாசி படிந்த பாறைகள் தெரியும். படம் எடுக்க அதில் ஏறி வழுக்கி விழாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முன்பாதி அடைமழைக் காலம். 2023 டிசம்பரில் பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. மழை எச்சரிக்கை வந்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். தை பழனிக்கு என்று நம்மவர் ஒதுக்கிவிடுவதால், தைப்பூசம் கழிந்த ஒரு சாதாரணப் புதன் அல்லது வியாழன் எனக்குத் தோதாகப் படுகிறது.

எப்படிப் போனாலும் போய்ச் சேர்ந்தபின் வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். கடலாடி, நாழிக்கிணற்றில் குளித்து, ஈரம் காய்வதற்குள் சாமி பார்ப்பது முறை. அதை மாற்ற வேண்டாம். வெளியே வந்ததும் சாப்பாட்டுக் கடைக்குத் திரும்பாமல் நேராக வடக்கே நடந்துவிடுங்கள். பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டும் சந்தன மலை அங்கேதான். பாறையைக் கையால் சுரண்டிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். உப்புக்காற்றில் தேயும் மணற்பாறை இது; இந்தக் கல்லில் கட்டிய பழைய கோயிலே அரித்துப்போனதால்தான் கருங்கல்லில் திருப்பணி செய்து 1941இல் குடமுழுக்கு நடத்தினார்கள். முழங்கால் வலி உள்ளவர்களும், அடைசலான இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களும் உள்ளே நுழையாமல் வாசலிலேயே கும்பிட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள் போய்வரும் வரை அவர்கள் நிழலில் உட்கார்ந்திருக்கலாம். ஊருக்குச் சில்லுக்கருப்பட்டி வாங்கும் வேலையையும் அவர்களிடமே விட்டுவிட்டால், எல்லோரும் சேர்ந்து பதினொரு மணிக்குள் கிளம்பிவிடலாம்.