கண்காணிப்பவரும் கூட்டாளியா?

கேள்வி: அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு விதிகளை நிலையத்தாரோடு கலந்து பேசித்தான் திருத்துகிறார்களாமே, அப்புறம் என்ன கண்காணிப்பு?
– வாசகர், பனமலை

பதில்: நியாயமான சந்தேகம். ஆனால், வெள்ளம் வந்தால் தண்ணீர் எங்கே புகும் என்பது நிலையத்தை ஓட்டுபவருக்குத்தான் தெரியும். 2004 சுனாமியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர் பம்பு அறைக்குள் வெள்ளம் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் நிலையங்களை நடத்தும் இந்திய அணுமின் கழகமும் அவற்றைக் கண்காணிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் தனித்தனியே குழு அமைத்து ஆராய்ந்தன. மின்சாரம் அடியோடு போனாலும் வெளியிலிருந்து உலைக்குத் தண்ணீர் செலுத்தும் இணைப்புகள் அப்படி வந்தவை. பேச்சு இருவருக்கும் பொது. உரிமம் வாரியத்தின் கையில். கவலை வேறிடத்தில் இருந்தது: 1983இல் அரசாணையால் அமைந்த அந்த வாரியத்துக்குத் தனித்து நிற்கும் சட்ட பலம் இல்லையென 2012இல் தலைமைத் தணிக்கையாளரே குறை சொன்னார். கலந்து பேசலாம், 'முடியாது' என்று சொல்லும் தெம்பும் வேண்டும்.