போஸ்டரில் ஆட்டக்காரர் எங்கே?

கல்லூரி விளையாட்டு அணிகளின் இன்ஸ்டாகிராம் பக்கங்களைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். தாளாளர், முதல்வர், துறைத்தலைவர் என்று வட்டத்துக்குள் வரிசையாக முகங்கள். அவற்றுக்குக் கீழே கோப்பையோடு ஓர் அணி, பெயர்கூடப் போடாமல். வாழ்த்துகிறவர்கள் பெரிதாகவும் ஜெயித்தவர்கள் பொடியாகவும் இருக்கும் அந்தப் போஸ்டருக்கு யார் லைக் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால், பாதிப் பேர் அதே கல்லூரி ஊழியர்கள்.

எங்கள் கல்லூரி வாலிபால் அணிகளின் பக்கங்களைச் சில வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதே கோர்ட்டில் ஆடியவன் என்பதால் பி.டி. சார் என் தலையில் கட்டிய வேலை இது. எங்கள் ரசிகர்கள் யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும். ஹாஸ்டல் ரூம்மேட், ஓசூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போய்விட்ட சீனியர், ஊர்க் கிரவுண்டில் பையனுக்கு முதலில் பந்து போட்டுப் பழக்கிய அண்ணன். இவர்கள் கேட்பது இரண்டே விஷயம்தான். மேட்ச் எத்தனை மணிக்கு, எந்தக் கிரவுண்டில்? நம்ம ஆள் இறங்குகிறானா?

ஆகவே ஃபிக்சர் கைக்கு வந்ததும் முதல் பதிவு அதுதான். அலங்காரமெல்லாம் வேண்டாம். தேதி, நேரம், எதிரணி, எந்தக் கேட் வழியாக உள்ளே வரலாம், அவ்வளவு போதும். சென்னை லயோலா கல்லூரியின் பெர்ட்ராம் நினைவுப் போட்டி மாதிரி பெரிய போட்டியென்றால், அந்த ஊரிலிருக்கும் பழைய மாணவர்கள் இதைப் பார்த்தே கிளம்பி வந்துவிடுவார்கள். பல்கலைக்கழக அணித் தேர்வு, தென்மண்டலம், அகில இந்தியப் போட்டி என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போகும் படிகள் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியாது. எந்தப் படியில் நிற்கிறோம் என்று ஒரு வரியில் சொல்லி, அந்தப் பதிவைப் பக்கத்தின் உச்சியில் பின் செய்து வையுங்கள்.

நேரலைக்கு ஒரு போனும் பவர் பேங்கும் போதும். ஆனால் யூடியூபில் முதல் லைவுக்கு அனுமதி கிடைக்க 24 மணி நேரம்வரை ஆகலாம். போன் வழியாக லைவ் போகச் சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்களும் வேண்டும். மேட்ச் அன்று காலையில் இதைத் தொடங்கினால் கதை கந்தல். போனை நெட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பந்து எங்கே போகிறதென்றே தெரியாது. பேக் லைனுக்குப் பின்னால், கேலரியில் கொஞ்சம் உயரமான படியில் படுக்கைவாட்டில் வையுங்கள், இரண்டு பக்கமும் தெரியும். ஸ்கோர் போர்டு ஃபிரேமுக்குள் வராவிட்டால் வாய் ஓயாத ஒரு ஹாஸ்டல் பையனை மைக்கோடு உட்கார வைத்துவிடுங்கள். செட்டுக்குச் செட்டு மைதானத்தில் அலறும் சினிமாப் பாட்டுதான் பெரிய வில்லன். காப்புரிமைக் கோரிக்கை வந்து லைவே நின்றுபோகக்கூடும். அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே பேசிப் பாருங்கள், கேட்க மாட்டார்கள். அந்த இடைவேளையில் மைக்கை மியூட் செய்துவிடுவதுதான் நடைமுறை.

ரீல்ஸில் எல்லோரும் ஸ்மாஷையே போடுகிறார்கள். எனக்கு லிபரோவைக் காட்டப் பிடிக்கும். வேறு நிற ஜெர்சியில் நிற்கும் அந்த ஆள் அட்டாக் அடிக்க வலைக்கு மேல் எழும்ப முடியாது, சாதாரணமாக யாரும் கவனிப்பதும் இல்லை. எங்கள் லிபரோ தரையோடு தரையாகப் பாய்ந்து புறங்கையால் எடுத்த ஒரு பந்தை ஸ்லோமோஷனில் போட்டு, பெயரையும் ஊரையும் எழுதினேன். அந்த ஊர் இளைஞர் மன்றப் பக்கத்தையும் கொலாப் சேர்த்தேன். கீழே வந்து குவிந்ததெல்லாம் “நம்ம ஊரு”தான்! கல்லூரிப் பக்கம் எத்தனை ஹேஷ்டேக் போட்டாலும் இந்த மாதிரிக் கூட்டம் வராது.

பெண்கள் அணிக்கு விதிகள் வேறு. எந்தப் படமானாலும் அந்தப் பெண்ணிடம் காட்டி, சரி என்று சொன்ன பிறகே போடுவேன். டைவ் அடிக்கும்போது படம் எந்தக் கோணத்தில் வந்திருக்கிறது என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆபாச வார்த்தைகளைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழிலும் பட்டியலிட்டுக் கமெண்ட் வடிகட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வாட்ஸ்அப் குரூப்பைவிடச் சேனல் நல்லது. அதில் ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. சில அப்பாக்கள் மகள் ஆடுவதை முதன்முதலாகப் பார்ப்பதே நம் லைவில்தான், கமெண்ட் பகுதி அவர்கள் கண்ணிலும் படும்.

அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். இங்கே அந்தக் காசெல்லாம் கனவு. இருந்தாலும் ஆட்டக்காரரின் சொந்தக் கணக்கை டேக் செய்யத் தயங்காதீர்கள். வேலைவாய்ப்புக்கு நாலு பேரிடம் காட்ட அவரிடம் வீடியோவாவது இருக்கும்.

தோற்ற அன்றும் ஸ்கோரைப் போடுங்கள், அன்று ராத்திரியே. ஐந்தாவது செட்டில் 13-15 என்று தோற்ற ஆட்டத்துக்கு வந்த ஆறுதல், பல வெற்றிகளுக்கு எங்களுக்குக் கிடைத்ததில்லை.

கடைசியாக, பாஸ்வேர்ட். கணக்கு ஒரு ஃபைனல் இயர் மாணவரின் சொந்த நம்பரில் இருக்கும், அவர் படிப்பை முடித்துக்கொண்டு போவார், பக்கம் அத்தோடு உறங்கிவிடும். துறையின் பெயரில் ஒரு மின்னஞ்சல், துறை அலமாரியில் ஒரு சிம் கார்டு, இரண்டாம் ஆண்டிலிருந்து கூடவே பழகும் ஒரு ஜூனியர். இந்த மூன்றையும் ஜூன் மாதத்திலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள்.