உங்க சப்ளையரோட சப்ளையர் யாரு?

திருவரங்குளத்துல லேத் பட்டறை வச்சு, வண்டிக்கான புஷ், பின் எல்லாம் கடைஞ்சு திருச்சில ஒரு கம்பெனிக்குக் கொடுக்குறீங்கன்னு வச்சுக்குவோம். அவங்க ஒரு பெரிய உதிரிபாக நிறுவனத்துக்குக் கொடுக்குறாங்க. அது கார் கம்பெனிக்குப் போகுது. கார் கம்பெனி கணக்குல முதல் அடுக்கு சப்ளையர் மட்டும்தான் இருப்பார். மூணாவது அடுக்குல இருக்குற உங்களை அவங்களுக்குத் தெரியாது, அவங்க நிலவரம் உங்களுக்கும் தெரியாது. நஷ்டம் ரெண்டு பக்கமும்தான்.

அவங்க பக்கம்: 2011 ஜப்பான் நிலநடுக்கத்துல டொயோட்டா உற்பத்தி முடங்குச்சு. கீழ் அடுக்குல எந்த ஆலைல இருந்து எது வருதுன்னு அவங்களுக்கே முழுசா தெரியலை. அதுக்கப்புறம் அந்த ஆலைகளையும் பதிவு பண்ற 'ரெஸ்க்யூ' தரவுத்தளத்தை உருவாக்கினாங்க. சிப்புக்கு 2 முதல் 6 மாசக் கையிருப்பு வைக்கவும் சப்ளையர்கள்கிட்ட சொன்னாங்க. 2021 தொடக்கத்துல சிப் தட்டுப்பாட்டுல மத்த கம்பெனிகள் தடுமாறினப்ப, டொயோட்டா பல மாசம் தாக்குப்பிடிச்சுது. செப்டம்பர்லதான் பெரிய அளவுல உற்பத்தியைக் குறைச்சுது.

உங்க பக்கம்: 2021 செப்டம்பர் 9 அன்னைக்கு, இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தப்போறதா ஃபோர்டு அறிவிச்சது. மறைமலை நகர் ஆலை 2022ல உற்பத்தியை நிறுத்துச்சு. இந்த மாதிரி நேரத்துல நேரடி சப்ளையர்கிட்ட கம்பெனி பேசும். கீழே இருக்குறவருக்கு ஆர்டர் குறையும்போதுதான் விஷயமே தெரியும். மெஷின் லோன் இஎம்ஐ மட்டும் குறையாது.

சரி, உங்க கணக்குல இருந்தே இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1. ஜிஎஸ்டிஆர்-2பி: இதுல நேரடி சப்ளையர் மட்டும்தான் தெரிவார். அதிகமா வாங்குற 5 பேரை எடுத்து, "மூலப்பொருள் எங்கிருந்து வருது?"ன்னு மட்டும் கேளுங்க. விலையைக் கேட்டா யாரும் வாய் திறக்க மாட்டாங்க. அஞ்சு பேரும் ஒரே ஸ்டீல் வியாபாரியைச் சொன்னா, நிஜத்துல உங்களுக்கு இருக்குறது ஒரே சப்ளையர்தான்.

2. ஐடிசி-04: பிளேட்டிங்குக்கு ஒருத்தர்கிட்ட அனுப்பின சரக்கு இன்னொருத்தர்கிட்ட இருந்து திரும்பி வந்தா, 5பி அட்டவணையில காட்டணும். உங்க ரெண்டாவது அடுக்கு அங்கேயே எழுதியிருக்கு.

3. விற்பனை லெட்ஜர்: உங்க பாகம் எந்த மாடல் வண்டிக்குப் போகுதுன்னு வாங்குறவர்கிட்ட கேட்டு, பக்கத்துல எழுதுங்க. பாதிக்கு மேல ஒரே மாடல்னா, அடுத்த மெஷினுக்கு லோன் போடுறதுக்கு முன்னாடி இன்னொரு வாடிக்கையாளரைப் பிடிங்க.

இதுக்கு சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். ஒரு எக்செல் ஷீட், அஞ்சு போன் கால் போதும். ஆறு மாசத்துக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்க.