குழந்தைக்காக வாதாடும் மருத்துவர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

சிறு வயதில் எனக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வரும். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவார். மருந்து கிடைக்கும், நோய் தீரும், அடுத்த மாதம் மீண்டும் வரும். எந்தக் கிணற்று நீரைக் குடிக்கிறீர்கள் என்று எவரும் கேட்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் அதைச் சொல்லத் தோன்றியதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க மருத்துவர்களுக்குக் கற்றுத்தர முடியுமா? முடியும்.

அமெரிக்க நாட்டில் குழந்தை நல மருத்துவராக விரும்புவோர், மருத்துவப் பட்டம் பெற்றபின் மூன்றாண்டுகள் பயிற்சி பெறுகின்றனர். சமுதாய நலமும், குழந்தைகளுக்காக வாதாடுதலும் அப்பயிற்சியின் பகுதிகளாகும். குழந்தை வாழும் வீடு, படிக்கும் பள்ளி, குடிக்கும் நீர் ஆகியவற்றை அறிதலும், குறை கண்டால் ஆட்சியாளரிடம் எடுத்துரைத்தலும் மருத்துவரின் கடமை என்பதே அதன் கருத்து.

மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில், ஹர்லி மருத்துவமனையில் இப்பயிற்சியின் இயக்குநராக இருந்தவர் மோனா ஹன்னா-அட்டீஷா. பிறருக்குக் கற்பித்ததை அவரே செய்துகாட்ட வேண்டிய காலம் வந்தது.

2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க எண்ணி, நகரின் குடிநீரை ஃபிளிண்ட் ஆற்றிலிருந்து எடுத்தனர். அரிமானத்தைத் தடுக்கும் பாஸ்பேட்டை அதில் சேர்க்கவில்லை. ஆகவே பழைய குழாய்களிலிருந்த காரீயம் நீரில் கலந்தது. அவ்வாண்டு அக்டோபரில், இயந்திர உறுப்புகள் அரிக்கப்படுவதைக் கண்டு, ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை அந்நீரைக் கைவிட்டது. இயந்திரத்துக்கு ஆகாத நீரைக் குழந்தைகள் தொடர்ந்து குடித்தனர்!

காரீயம் வளரும் மூளையைக் கெடுக்கும். காய்ச்சலைப்போல அது வெளியே தெரியாது. எனவே மோனா, குழந்தைகளின் இரத்தப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் கொண்ட குழந்தைகள், நூற்றுக்கு 2.4 என்பதிலிருந்து 4.9 ஆகப் பெருகியிருந்தனர். 2015 செப்டம்பரில் தம் முதற்கட்ட முடிவுகளை வெளியிட்டார். அதிகாரிகள் முதலில் மறுத்தனர், பின்னர் ஏற்றனர். அக்டோபரில் நகரம் பழைய நீருக்கே திரும்பியது.

மூளைக்கு நேர்ந்த கேட்டை மருந்தால் மாற்ற இயலாது. வருமுன் காக்க, யாரேனும் பேசியாக வேண்டும்.

வேதியியல் பயிலும் நமக்கும் இதில் பங்குண்டு. நீரைச் சோதிக்கக் கற்றவர், கண்ட முடிவை உரக்கச் சொல்லவும் கற்க வேண்டும். வரும் விடுமுறையில் எங்கள் ஊர்க் கிணற்று நீரை ஒரு புட்டியில் கொண்டுவர எண்ணியுள்ளேன்.