காலி சீட்டை எண்ணிப் பாரு, மாப்ள

குமாரபாளையத்தில் என் தாய்மாமாவுக்கு இரண்டு லாரிகள். லுங்கியும் துண்டும் பேல் பேலாக ஏற்றிக்கொண்டு வடக்கே போகும். திரும்புகாலில் என்ன லோடு கிடைக்கிறதோ அது. பெங்களூரில் ஒரு விமான நிறுவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வயதான விமானங்களுக்குப் பதிலாக எதை எடுக்கலாம் என்று கணக்குப் போடும் பிரிவு. தீபாவளி லீவில் ஊருக்கு வந்தபோது மாமாவிடம் பெருமையாக விளக்கினேன்: 180 சீட் விமானத்தில் ஒரு சீட்டுக்கு ஆகும் செலவு, 120 சீட் விமானத்தைவிடக் குறைவு. அதனால் பெரியதே லாபம்.

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அதெல்லாஞ் செரி மாப்ள. எம்பது சீட்டு காலியாப் போனா, அந்தக் காசை ஆரு குடுப்பா?"

லீவு முடிந்து போனதும் என் மேலாளர் அதே கணக்கில் அதே இடத்தைச் சிவப்பு மையால் சுழித்துத் தந்தார். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். லாரி, பஸ், தறி என்று எதை மாற்றுகிறவர்களுக்கும் உதவும்.

1. சீட் கணக்கோடு நிற்காதீர்கள். நடைக் கணக்கும் போடுங்கள்

ஒரு நடைக்குப் பெரிய விமானத்துக்கு 100 ரூபாய், சின்னதுக்கு 80 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக்குப் பெரியது 56 காசு, சின்னது 67 காசு. பெரியது ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமை மதியம் 100 பேர்தான் வருகிறார்கள் என்றால்? பெரியதில் தலைக்கு 1 ரூபாய், சின்னதில் 80 காசு. கணக்கு அப்படியே புரண்டுவிடும்.

பண்டிகை நாளில் சின்ன விமானம் இருபது முப்பது பேரை விட்டுவிட்டுப் போகும், உண்மைதான். அந்த நாலு நாள் கூட்டத்துக்காக வருஷம் முழுக்கக் காலி சீட்டைச் சுமக்க முடியுமா என்பதே கேள்வி.

2. எவ்வளவு தூரம் ஓட்டப்போகிறோம்?

நூறிலிருந்து நூற்றைம்பது சீட்டுக்குள் இன்று இரண்டு பெயர்கள்தான் அதிகம் அடிபடும்: ஏர்பஸ் ஏ220, பிரேசிலின் எம்ப்ரேயர் இ2. லாட்வியாவின் ஏர்பால்டிக், மற்ற ரகங்களை எல்லாம் கழித்துவிட்டு ஏ220 மட்டுமே வைத்துக்கொண்டது. ரீகாவிலிருந்து துபாய் வரைக்கும் அதே விமானம் போகும். அந்தத் தூரம் பறக்க வேண்டியவர்களுக்கு ஏ220 சரி. கேஎல்எம் சிட்டிஹாப்பர் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பக்கத்து ஊர்களுக்குத்தான் பறக்கிறது. அது இ2-வை எடுத்தது. நெடுந்தூரத்துக்காகக் கட்டிய விமானம் அதற்கான எடையோடுதான் வரும். ஒரு மணி நேரப் பயணத்திலும் அந்த எடைக்கு எண்ணெய் ஊற்றியாக வேண்டும். அடுத்தவர் எடுத்தார் என்று நாமும் எடுத்தால், அவருடைய ரூட்டுக்கு நாம் வண்டி வாங்கியதாக ஆகிவிடும்.

3. பாதையும் வரியும் பாதி முடிவைச் சொல்லிவிடும்

எங்கள் ஊரிலிருந்து சங்ககிரி, தாரமங்கலம் வழியாகப் போனால் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம். ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். பெரிய ஜெட் முழு லோடோடு ஏற அது பத்தாது. 2018இல் ட்ரூஜெட் வந்தபோதும், 2023 அக்டோபரில் இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் வந்தபோதும் இறங்கியது காற்றாடி வைத்த ஏடிஆர் 72தான். அங்கே பிராண்டு பார்த்துப் பேச இடமே இல்லை. ஓடுபாதை முடிவு செய்துவிட்டது.

வரியும் அப்படித்தான். நம் நாட்டில் 80 சீட்டுக்குக் குறைந்த உள்நாட்டு விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணம் இல்லை. 40 டன்னுக்குக் குறைந்தால் எரிபொருள் விற்பனை வரியிலும் சலுகை உண்டு. மதுரைக்காரர் எம். தியாகராஜன் 2005இல் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் எம்ப்ரேயர் 170, 175 ஜெட்களை எடுத்ததை இந்த வரம்புகளை வைத்துப் பார்த்தால் புரியும். 2010இல் அந்த நிறுவனம் நின்றது சீட் கணக்கால் அல்ல, விமானங்களைக் குத்தகைக்குக் கொடுத்தவர்களோடு எழுந்த தகராறால். ஒப்பந்தத்தில் இருக்கிற பொடி எழுத்தையும் படிக்க வேண்டும்.

4. பழசு என்றால் நஷ்டம் என்று முடிவு கட்டாதீர்கள்

டியூ கட்டி முடிந்த வண்டிக்கு எண்ணெய்தான் அதிகம் பிடிக்கும், வட்டி கிடையாது. அமெரிக்காவின் டெல்டா 1980களில் சேர்த்த எம்டி-88 ரகத்தை 2020 ஜூன் வரைக்கும் ஓட்டியது. அப்படியானால் எப்போது மாற்றுவது? எங்கள் பிரிவில் அடுத்த பெரிய பராமரிப்புத் தேதியைத்தான் முதலில் பார்ப்போம். விமானத்தை முழுக்கக் கழற்றி மாட்டும் அந்த வேலைக்குக் கோடிக்கணக்கில் கொட்டிவிட்டு, மறுவருஷமே விற்பது மடத்தனம். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) முன்னாலா பின்னாலா என்று லாரிக்காரர்கள் யோசிப்பதும் இதைத்தான்.

இன்ஜின் எண்ணிக்கையையும் பாருங்கள். ஸ்விஸ் விமான நிறுவனம் சுமார் நூறு சீட் கொண்ட ஆவ்ரோ ஜெட்டை ஓட்டியது. அதற்கு நாலு இன்ஜின். 2016இல் அந்த இடத்துக்கு வந்த சி சீரிஸுக்கு, அதாவது இன்றைய ஏ220க்கு, இரண்டே இன்ஜின். பராமரிப்பு பில் எங்கே குறைந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

5. புதுசு பழகும்வரை பழசை அனுப்பாதீர்கள்

ஏர்பஸ் ஏ320 நியோவில் பொருத்திய பிராட் அண்ட் விட்னியின் புதிய இன்ஜின் எண்ணெயை மிச்சம் பிடித்தது உண்மை. ஆனால் பாகங்களில் கோளாறு வந்து, மாற்று இன்ஜினும் கிடைக்காமல் விமானங்கள் வரிசையாக நின்றன. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் அதைக் காரணம் காட்டியே பறப்பதை நிறுத்தியது. இண்டிகோ பழைய ரக ஏ320களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்ட வேண்டியிருந்தது. ஏ220, இ2 இரண்டிலும் அதே குடும்பத்து இன்ஜின்தான். அதனால் எரிபொருள் மிச்சத்தைக் கேட்கும்போதே, "இன்ஜின் நின்னா மாத்து எத்தனை நாள்ல வரும்?" என்றும் கேளுங்கள். புது ரகம் எடுத்தால் அதற்கென்று பைலட், மெக்கானிக், உதிரிபாகம் எல்லாம் தனி. அந்தச் செலவு விலைப்பட்டியலில் இருக்காது.

போன வருஷம் மாமாவின் வண்டிகளை மாற்றும் முறை வந்தது. ஏஜென்ட் பதினாலு சக்கரத்தைக் காட்டி, டன்னுக்கு இவ்வளவு மிச்சம் என்று பேப்பரில் எழுதிக் கொடுத்தார். மாமா தன் நடை நோட்டை எடுத்துத் திரும்புகால் லோடுகளை மட்டும் கூட்டினார். பாதி நடையில் பாதி வண்டி காலி. பத்துச் சக்கரத்தில் புதுசு ஒன்று எடுத்தார். பழைய வண்டிகளில் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு, இன்னொன்றை ஒரு மழைக்காலம் தாண்டட்டும் என்று வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு காமலாபுரத்திலிருந்து அவரைச் சென்னைக்கு விமானத்தில் கூட்டிப்போனேன். அவருக்கு அதுதான் முதல் தடவை. ஜன்னல் பக்கம் உட்கார வைத்தால், மனுஷன் வெளியே பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி வரிசை வரிசையாக விரல் விட்டு எண்ணினார்.

"பதினொண்ணு காலி மாப்ள," என்றார். "சின்ன வண்டி, தாங்கும்."