கிராஸ்ஓவரைத் திறக்கும் முன்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

கல்யாண மண்டபமோ கோயில் திருவிழாவோ, பெரிய ஸ்பீக்கர் அடுக்கு நிற்கும் இடத்தில் கிராஸ்ஓவர் பெட்டி ஒன்றும் இருக்கும். மிக்சரிலிருந்து வரும் ஒலியை பேஸ், மிட், ஹை எனப் பிரித்து, தனித்தனி ஆம்ப்ளிஃபயர்களுக்கு அனுப்புவது அதன் வேலை. மூடியைக் கழற்றினால் சில ஐசிகளும் வரிசையாக ரெசிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும்தான் தெரியும். சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகியவர்களுக்குக் கை துறுதுறுக்கும். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கிராஸ்ஓவர் என்பது ஒரு கணக்கு. அதில் ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் விடை மொத்தமும் தப்பிவிடும். இதை மறக்கச் செய்யும் ஐந்து நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பழைய ஐசியைக் கழற்றி நல்ல ஐசி போட்டால் இரைச்சல் குறையும்.

உண்மை: எல்லாப் பெட்டியிலும் குறையாது. டிஎல்072 ஐசியின் சொந்த இரைச்சல் ரூட் ஹெர்ட்ஸுக்குச் சுமார் 18 நானோவோல்ட். என்இ5532க்கு 5 நானோவோல்ட். தாளில் பெரிய வித்தியாசம்தான். ஆனால் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, வெறும் அறை வெப்பத்தினாலேயே 40 நானோவோல்ட் இரைச்சலைத் தருகிறது. சுற்றில் அவ்வளவு பெரிய ரெசிஸ்டர்கள் இருந்தால், ஐசியை மாற்றியதைக் காது கண்டுபிடிக்காது.

புதிதாகச் சில தொல்லைகளும் வரலாம். டிஎல்072இன் உள்ளீட்டில் பாயும் மின்னோட்டம் அநேகமாக ஒன்றுமில்லை; என்இ5532க்கு அது 200 நானோஆம்பியர் அளவு. 100 கிலோ ஓம் வழியாக அது பாய்ந்தால் 20 மில்லிவோல்ட் டிசி நிற்கும். அதன் பிறகு லெவல் கண்ட்ரோலைத் திருப்பும்போதெல்லாம் கரகர சத்தம் கேட்கும். என்இ5532 பவர் சப்ளையிலிருந்து இழுப்பதும் ஏறத்தாழ மூன்று மடங்கு. எட்டு ஐசிகளை மாற்றினால் ரெகுலேட்டர் கூடுதலாகச் சுடும். இன்னும் வேகமான ஐசிகளைப் போடுவோர், அவற்றின் சப்ளை கால்களுக்கு அருகிலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் காதுக்குக் கேட்காத அலைவரிசையில் ஐசி தானே ஊசலாடலாம். சூடாகும், ஒலியும் கரடுமுரடாகும்.

நம்பிக்கை 2: எல்லாக் கெப்பாசிட்டரையும் விலை உயர்ந்ததாக மாற்றினால் ஒலி தெளியும்.

உண்மை: எந்த இடத்துக் கெப்பாசிட்டர் என்பதே கேள்வி. ஃபில்டர் இடத்தில் சாதாரண செராமிக் இருந்தால், அதன் மதிப்பு மின்னழுத்தத்தோடு மாறும், ஒலி சிதையும். அங்கே பாலிப்ரொப்பிலீன் அல்லது சீ0ஜி வகை போடுவது உண்மையான முன்னேற்றம். இடது சேனலுக்கும் வலது சேனலுக்கும் ஒரே மதிப்பு வருமாறு மீட்டரில் அளந்து ஜோடி சேர்ப்பது அதைவிடப் பெரிய முன்னேற்றம். ஒரு பக்கம் 5 சதவீதம் கூடுதல், மறுபக்கம் 5 சதவீதம் குறைவு என்றால், இரு பக்கமும் வெவ்வேறு இடத்தில் பிரியும். கெப்பாசிட்டரின் விலை அதைச் சரிசெய்யாது.

பழைய பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியவை பவர் சப்ளையின் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் சுமார் பாதியாகும். இருபது வருடம் உழைத்த பெட்டியில் இவற்றை மட்டும் மாற்றினாலே பெரும்பாலும் ஹம் போய்விடும்.

நம்பிக்கை 3: கட் பாயின்ட்டை (பேஸும் ஹையும் பிரியும் அலைவரிசையை) நகர்த்த ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் போதும்.

உண்மை: கட் பாயின்ட் நிலையாக உள்ள, ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரியும் கிராஸ்ஓவர்களில் அடிக்கடி காணும் அமைப்பில், ஒவ்வொரு பாதையிலும் இரண்டு ஃபில்டர் நிலைகள், நிலைக்கு இரண்டு ரெசிஸ்டர்கள். பேஸ் பாதைக்கு நான்கு, ஹை பாதைக்கு நான்கு, ஆக சேனலுக்கு எட்டு. ஸ்டீரியோவுக்குப் பதினாறு. 100 ஹெர்ட்ஸை 80 ஹெர்ட்ஸாக இறக்க, பதினாறையும் 1.25 மடங்காக்க வேண்டும். சிலவற்றை விட்டுவிட்டால் வளைவின் வடிவமே மாறி, ஓரிடத்தில் மேடும் ஓரிடத்தில் பள்ளமும் வரும்.

ஸ்பீக்கரின் உயிரும் இதில் இருக்கிறது. ஹாரன் டிரைவருக்கு 1,600 ஹெர்ட்ஸுக்குக் கீழே அனுப்பாதே என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்க, 800 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால், அதே சத்தத்துக்கு டயாஃப்ரம் குறைந்தது இரு மடங்கு தூரம் ஆட வேண்டியிருக்கும். அது கிழியலாம்.

நம்பிக்கை 4: 12 டெசிபலை 24 ஆக்கினால் எதுவும் கெடாது, நன்மைதான்.

உண்மை: ஹியூலெட்-பேக்கர்டில் பணியாற்றிய சீக்ஃப்ரிட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும் வகுத்த முறை 1976இல் வெளியானது. அதன் 24 டெசிபல் வடிவத்தில், பிரியும் புள்ளியில் இரு பாதைகளும் தலா 6 டெசிபல் தாழ்ந்து, ஒரே ஃபேஸில் சேர்ந்து, மேடு பள்ளமில்லாத ஒலியைத் தரும். 12 டெசிபல் வடிவத்தில் இரு பாதைகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக நிற்கும். அதனால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் வயர்களை மாற்றிக் கொடுப்பார்கள். 24க்கு மாற்றிவிட்டு அந்த வயரை அப்படியே விட்டால், பிரியும் இடத்தில் இரு பாதைகளின் ஒலியும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். பாடகர் குரல் விழும் பகுதியில் அந்த ஓட்டை அமைந்தால், எவ்வளவு ஏற்றினாலும் குரல் முன்னால் வராது.

நம்பிக்கை 5: ஹம் வந்தால் எர்த் பின்னை வெட்டிவிடலாம்.

உண்மை: இதை யாரும் செய்யக் கூடாது. உள்ளே 230 வோல்ட் வயர் ஒன்று பிய்ந்து பெட்டியைத் தொட்டால், அந்த மின்சாரம் கேபிளின் ஷீல்டு வழியாக மைக்கின் உலோக உடல்வரை போகலாம். அந்த மைக்கை ஒருவர் கையில் பிடித்திருப்பார், உதட்டருகே வைத்திருப்பார்.

ஹம்முக்குக் காரணம் பெரும்பாலும் உள் வயரிங்கில்தான் இருக்கிறது. ஒலிப் பொறியாளர் நீல் மன்சி 1995இல் இதை 'பின் 1 பிரச்சினை' என்று விளக்கினார். எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டின் பின் 1, ஷீல்டு உள்ளே வரும் இடத்திலேயே பெட்டியின் உலோகத்தோடு சேர வேண்டும். அது போர்டின் கிரவுண்டு வழியாகச் சுற்றிப் போனால், ஷீல்டில் ஓடும் ஹம் ஒலியோடு கலக்கும். ஒவ்வொரு சாக்கெட்டிலும் பின் 1ஐக் குட்டையான வயரால் பெட்டியோடு இணைப்பதே சரியான திருத்தம். எர்த் அப்படியே இருக்கும், ஹம் போகும்.

பெட்டியைத் திறக்கப் போகிறவர்கள் முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். உள்ளதை உள்ளபடி படம் எடுத்து, கணினியிலோ மீட்டரிலோ இரு சேனல்களின் வளைவையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மாற்றத்தை ஒரு சேனலில் மட்டும் செய்து, மாறாத சேனலோடு ஒப்பிடுங்கள். அளவில் வித்தியாசம் தெரிந்தால் மறுசேனலுக்கும் செய்யுங்கள். தெரியாவிட்டால் பழைய பாகத்தையே திரும்பப் பொருத்துங்கள். அந்தப் பணத்தை நல்ல கேபிளுக்கும் ஒழுங்கான எர்த்துக்கும் செலவிடலாம்.