சித்திரைத் திருநாளில் பழைய நண்பர்களின் பேச்சு: பராமரிப்போருக்கு ஒரு பாடம்



தமிழ்ப் புத்தாண்டு பெரும்பாலும் ஏப்ரல் 14ஆம் நாள் பிறக்கிறது. அன்று காலையில் முதியோர் தங்கியுள்ள அறைகளில் கைப்பேசிகள் ஓயாமல் ஒலிக்கும். பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் வாழ்த்துச் சொல்லி இரண்டு நிமிடங்களில் முடித்துக்கொள்வர். அவற்றுக்கு நடுவே ஓர் அழைப்பு மட்டும் அரைமணி நேரம் நீளும். அது பெரும்பாலும் பழைய நண்பர் ஒருவருடைய அழைப்பு. மாங்காய் விலை, வெயில், மின்தடை, முழங்கால் வலி, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். “இவ்வளவு நேரம் அப்படி என்னதான் பேசுவார்களோ!” என்று உடனிருப்போர் வியப்பதுண்டு, சிலர் சலித்துக்கொள்வதும் உண்டு.

அந்த வியப்புக்கு விடை காண்பதே இம்மாதப் பாடம். பொருளற்றதுபோல் தோன்றும் அந்தப் பேச்சு முதியவரின் நலத்துக்குத் துணை நிற்கிறது. வீட்டார் கண்ணில் படாத மாற்றங்கள் முதலில் வெளிப்படும் இடமும் பல வேளைகளில் அதுவே.

ஓர் உரையாடல்

எழுபது வயதைக் கடந்த இரு தோழியர் புத்தாண்டுக் காலையில் பேசுவதாகக் கொள்வோம்.

“பச்சடி பண்ணியாச்சா?”

“ஆச்சு. வேப்பம்பூதான் போன வருஷத்துது. மரத்தடியில குனிஞ்சு பொறுக்க முழங்கால் விடலை.”

“நான் மாடியில வத்தல் போடலாம்னு ஏறினேன். பாதிப் படியிலேயே மூச்சு வாங்குது. போன மாசம் இப்படி இல்லே.”

“ராத்திரி தூக்கம் வருதா?”

“எங்கே வருது? கரண்ட் ரெண்டு தடவை போச்சு. விசிறியும் கையுமா உட்கார்ந்திருந்தேன்.”

“போன திருவிழாவிலே செருப்பைத் தொலைச்சியே, ஞாபகம் இருக்கா?”

“தொலைச்சது நீ. உனக்காக வெறுங்காலோட நடந்தவதான் நான்.”

இருவரும் சிரித்துக்கொள்கின்றனர். மருத்துவர் காதோடு இதைக் கேட்டுப் பாருங்கள். மூட்டுவலி, உறக்கம், நினைவாற்றல், மனநிலை ஆகிய அனைத்தும் இச்சிறு பேச்சில் வந்துவிட்டன. ஒரு மாதத்துக்கு முன்பு இல்லாத மூச்சிரைப்பு இப்போது படி ஏறும்போது வருகிறது என்பது மிக முக்கியமான செய்தி. இதயம், நுரையீரல், இரத்தசோகை ஆகியவற்றுள் எதனாலும் அது வரலாம். பண்டிகை முடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் கூற வேண்டியது. இதனை அவர் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கமாட்டார். “அவர்களை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும்?” என்று எண்ணியிருப்பார். தோழியிடம் வற்றலைப் பற்றிப் பேசும்போது அது தானாக வந்துவிட்டது.

விசாரிப்பு வேறு, பேச்சு வேறு

பராமரிப்போர் நாள்தோறும் கேட்கும் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். “சாப்பிட்டீங்களா?” “மாத்திரை போட்டீங்களா?” “வலி இருக்கா?” இவை தேவையான கேள்விகள், அன்பினால் எழுபவை. ஆயினும் இவற்றுக்கு “ம்” என்ற ஒற்றை எழுத்தே போதுமான விடையாகிவிடுகிறது. அந்த “ம்” என்னும் ஒலிக்குப் பின்னால் தெளிவான மனம் இருக்கிறதா, குழம்பிய மனம் இருக்கிறதா என்று அறிய இயலாது.

நண்பரோடு பேசுவதற்கு அவ்வாறு அன்று. பழைய நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டும். எதிரே இருப்பவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மறுமொழி கூற வேண்டும். கேலியைப் புரிந்துகொள்ள வேண்டும். தாமும் ஒன்று கேட்க வேண்டும். மூளை தன் பல திறன்களையும் ஒருங்கே பயன்படுத்தும் வேலை இது. ஆதலால், அத்திறன்களுள் ஒன்று தளர்ந்தாலும் நண்பருக்கு அது விரைவில் தெரிந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

இங்கே கூறுவது தனி ஒருவரின் கதை அன்று. இத்தகைய நிலையை விளக்குவதற்காக நாங்கள் அமைத்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மகளோடு வாழ்கிறார். இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்கிறார். பங்குனிக் கடைசியில் வெயில் கடுமையானது, பசி குறைந்தது, இரண்டு நாள் வாந்தியும் இருந்தது. பிறகு அவர் அதிகம் பேசவில்லை. “வயதாகிவிட்டது, வெயில் வேறு” என்று வீட்டார் எண்ணினர். புத்தாண்டன்று பழைய தோழி அழைத்தபோது, “உன் வீட்டுக்காரர் எழுந்துவிட்டாரா?” என்று அவர் கேட்டார். அந்தக் கணவர் இறந்து 6 ஆண்டுகள் ஆகின்றன. இறுதிச் சடங்குக்கு இவரே சென்று வந்தவர். சற்று நேரத்தில் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார்.

தோழி மனம் வருந்தினார். ஆனால் வருத்தத்தோடு நின்றுவிடவில்லை. மகளை அழைத்து, “அம்மா பேச்சு சரியாக இல்லை. போன வாரம்கூட நன்றாகப் பேசினாள். இன்றைக்கே டாக்டரிடம் காட்டு” என்றார். இரத்தப் பரிசோதனையில் சோடியம் மிகவும் குறைந்திருப்பது தெரிந்தது. மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை அளித்து, மாத்திரையையும் மாற்றிய பின் தெளிவு திரும்பியது. சோடியம் மேலும் குறைந்திருந்தால் வலிப்பும் நினைவிழப்பும் நேர்ந்திருக்கக்கூடும்.

“நான் தினமும் அம்மாவோடுதானே இருந்தேன்” என்று இத்தகைய நிலையில் மகள்கள் கலங்குவதுண்டு. அவர்களுக்கு நாங்கள் கூறுவது இதுதான்: உங்கள் அன்பில் குறை இல்லை. நாளும் அருகிலிருப்போர்க்குச் சிறுகச் சிறுக வரும் மாற்றம் புலப்படாது. இடைவெளி விட்டுப் பேசுபவருக்கே அது புலப்படும். ஆகவே நண்பர் ஒருவர் “பேச்சு மாறியிருக்கிறது” என்று கூறினால், அதனை மருத்துவச் செய்தியாகவே கொள்ளுங்கள்.

எந்த மாற்றம் எதைக் குறிக்கும்?

சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ தோன்றும் குழப்பம் முதுமையின் இயல்பு அன்று. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீரிழப்பு, சோடியம் அல்லது சர்க்கரை குறைதல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவை அதற்குக் காரணமாகலாம். அன்றே மருத்துவரைக் காண வேண்டும். சோடியம் குறைவு என்று தாமே முடிவு செய்து உப்பை மிகுதியாகக் கொடுப்பது தவறு.

பேச்சு திடீரென்று குழறுதல், வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கையோ காலோ வலுவிழத்தல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே குழறல் தொடங்கினால், உடனே வீட்டாருக்குத் தெரிவித்து 108 ஊர்தியை அழைக்கச் செய்யுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்வது பேருதவியாகும்.

பல மாதங்களாக மெல்ல வளரும் மறதி, மறதிநோயின் தொடக்கமாக இருக்கலாம். நண்பர்களின் அழைப்பையே தவிர்த்தல், பண்டிகையிலும் பிடிப்பின்மை, “இனி என்ன இருக்கிறது” என்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கக்கூடும். அது சிகிச்சையால் குணமாகக் கூடிய நோய்.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்காவின் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2010இல் 148 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவற்றில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெற்றிருந்தனர். வலுவான சமூக உறவுகள் உள்ளோர், ஆய்வுக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவரைவிட 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மறதிநோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைக் குறிப்பிடுகிறது. தனித்திருத்தலும் கேட்புத்திறன் குறைதலும் அவற்றுள் அடங்கும். இதனால் பேச்சு ஒன்றே மருந்தாகிவிடும் என்பது பொருள் அன்று. மருந்து, உணவு, நடைப்பயிற்சி ஆகியவற்றோடு நட்புக்கும் இடம் வேண்டும் என்பதே பொருள்.

பேச்சுக்கு வழி செய்வது எப்படி?

முதலில் காதைக் கவனியுங்கள். முதியோர் பலர் நண்பர்களை விட்டு விலகுவதற்கு, சொன்னதையே திரும்பச் சொல்லுமாறு கேட்கும் கூச்சமே காரணம். காதில் அழுக்கு அடைத்திருப்பதும் காரணமாகலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பேசும்போது தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முகம் தெரியும்படி அமர்ந்து, நிதானமாகப் பேசுங்கள். உரக்கக் கத்த வேண்டியதில்லை.

அழைப்பைத் தொடங்கிக் கொடுங்கள். நடுங்கும் விரல்களால் எண்ணை அழுத்த இயலாதவருக்கு, எண்ணை அழைத்துக் கொடுத்துவிட்டுச் சற்று விலகி இருங்கள். மருமகளைப் பற்றியும் கொஞ்சம் பேசிக்கொள்ளட்டும், மனப்பாரம் இறங்கும்.

பக்கவாதத்தால் பேச்சு தடுமாறுபவருக்குச் சொற்களை நீங்கள் எடுத்துக் கொடுக்க விரையாதீர்கள். காத்திருங்கள். மறதிநோய் உள்ளவரிடம் “நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்” என்று தேர்வு வைக்காதீர்கள். “நான் உங்களோடு பள்ளியில் வேலை பார்த்தவன்” என்று உங்களை நீங்களே அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

நோயுற்ற நண்பரைக் காண வருவோர்க்கும் ஒரு வேண்டுகோள். அதே நோயால் இறந்தவர்களின் கதையை அங்கே எடுக்காதீர்கள். “எனக்குக் கேட்ட மாத்திரை” என்று உங்கள் மருந்தைப் பகிராதீர்கள். ஒருவருக்கு ஏற்ற வலி மாத்திரை மற்றொருவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். பண்டிகைப் பண்டங்களிலும் கவனம் தேவை. வெல்லமும் சர்க்கரையே; நீரிழிவு உள்ளவர்க்குப் பச்சடி ஒரு கரண்டி போதும். சிறுநீரக நோய் உள்ளவர்க்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் தீங்காகலாம். மருத்துவரைக் கேட்டே கொடுங்கள்.

பேச எவரும் இல்லையெனில்

வயது ஏற ஏற, வாழ்த்துச் சொல்ல அழைக்கும் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. நண்பரை இழந்த துயரத்தைப் பண்டிகை நாள் புதுப்பிக்கும். அத்தகையோருக்கு, மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567 உள்ளது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம்.

இவ்வாரம் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டு முதியவர் முன்பெல்லாம் யாரோடு நெடுநேரம் பேசுவார் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பேச்சு எப்போது நின்றது, ஏன் நின்றது என்று அவரிடமே கேளுங்கள். அந்த நண்பரின் எண்ணை உங்கள் கைப்பேசியிலும் பதிந்துகொண்டு, “ஏதாவது மாற்றம் தெரிந்தால் என்னைக் கூப்பிடுங்கள்” என்று அவரிடம் கூறிவையுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, நண்பர் கவனித்துச் சொன்னதையும் மருத்துவரிடம் கூறுங்கள். நாங்கள் அதனைக் கேட்டுக் குறித்துக்கொள்வோம்.